கிண்ண பாய் முக்கிப் பார்க்காத துணி

எதையும் சோதிக்காமல் கையால் தொடாத என் அருமை அத்தாவுக்கு,

ஜமீலா சலாம் சொல்லி எழுதுகிறேன். இதை நான்தான் எழுதினேனா, இல்லை உங்கள் மருமகன் எழுதி என் பேரைப் போட்டாரா என்று அங்கேயும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்ப்பீர்கள். நான்தான் அத்தா. நம்பிக்கை வரவில்லை என்றால் அடுத்த வரியைப் படியுங்கள். உங்கள் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். இந்த இராஜபாளையத்தில் உங்களிடம் இப்படிப் பேசுகிற ஆள் என்னைவிட்டால் வேறு யார்?

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா சுகம். சர்க்கரை மாத்திரை போட்டாயா என்று கேட்டால் "போட்டாச்சு" என்கிறாள். நான் அட்டையை வாங்கிப் பார்க்கிறேன். "பெத்தவளையே செக் பண்ணுதா பாரு, அப்படியே அத்தா புத்தி" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். போன வாரம் அட்டையில் ஒரு மாத்திரை குறையாமல் அப்படியே இருந்ததே, அதை யாரிடம் சொல்வாள்?

யூனிட்டில் கட்டிங் மெஷின் ஓடுகிறது. உருளை சுற்றுகிற பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் ப்ளீச்சிங் இல்லை. நமக்கு இத்தனை வருஷம் பேண்டேஜ் துணியை வெளுத்துக் கொடுத்த பட்டறையை அதன் முதலாளி மகன் கல்யாண மண்டபமாக மாற்றிவிட்டான். தொட்டிகள் இருந்த இடத்தில் இப்போது பந்தி நடக்கிறது. தறியிலிருந்து வருகிற பழுப்புத் துணி நம் முன்கட்டில் கூரை முட்ட நிற்கிறது. அதை வெளுக்க நம்பகமான ஆள் கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு நான் திரும்பக் கோயம்புத்தூருக்குச் சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான்.

ஒரே ஒருத்தர் தானாக முன்வந்து "நான் வெளுத்துத் தாரேன்" என்றார். யாரென்று நினைக்கிறீர்கள்? உங்கள் தம்பி. நம் வீட்டில் பேர் சொல்லாமல் "ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன்" என்று மட்டும் சொல்வோமே, அதே சின்னத்தா.

முகம் சுருங்குகிறதா? செத்த நேரம் பொறுங்கள். நான் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்களை ஊரே கிண்ண பாய் என்றுதானே கூப்பிட்டது. மேஜை மேல் எவர்சில்வர் கிண்ணம், அதில் நிறையத் தண்ணீர். வெளுத்த துணியை யார் கொண்டுவந்தாலும் உள்ளங்கை அளவு வெட்டி அதில் போடுவீர்கள். நல்ல துணி உடனே தண்ணீரைக் குடித்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். நூலில் இருக்கிற மெழுகும் கஞ்சியும் சரியாகப் போகாத துணி மேலேயே மிதக்கும். சின்னப் பிள்ளையில் பக்கத்தில் நின்று நான் அதை வேடிக்கை பார்ப்பேன். "தண்ணியக் குடிக்காத துணி ரத்தத்தக் குடிக்குமா ஏட்டி? ஆஸ்பத்திரியில கெடக்கவன் புண்ணுல போடுறது இது" என்பீர்கள்.

அதைவிட முக்கியமாக இன்னொன்று சொல்வீர்கள். "முக்குறதா இருந்தா குடுத்தவன் மூஞ்சிக்கு முன்னால முக்கணும். அவன் போன பொறவு முக்குறது கோள் சொல்லுத சோலி." எனக்கு இது அரபி எழுத்து அலிஃப் பே படிப்பதற்கு முன்னாலேயே மனப்பாடம். சந்தேகப்படலாம், தப்பில்லை, ஆனால் ஆளுக்கு நேராகச் சந்தேகப்பட வேண்டும். நம் வீட்டுக்கு இருந்த ஒரே சொத்து இதுதான் என்று நான் நம்பி வளர்ந்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் செய்த காரியம் நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பால்கோவாவைக் கொஞ்சம் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தீர்கள். நெய் விடுகிறதா, மாவு ஒட்டுகிறதா என்று முகர்ந்து வேறு பார்த்தீர்கள். கூடமே உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கலப்படம் இல்ல. நல்ல கடையிலதான் வாங்கியிருக்கிய" என்று சர்டிபிகேட் கொடுத்தீர்கள். மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சரி என்றேன். இன்றைக்கும் அன்சாரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், "எம் மாமனாரு என்னையும் ஒரு ஓரமா வெட்டித் தண்ணியில போட்டுப் பாத்துட்டுத்தான் பொண்ணு குடுத்தாரு" என்று.

கெமிஸ்ட்ரி படித்ததும் உங்களால்தான். கோயம்புத்தூரில் துணி சோதிக்கிற லேபில் எனக்குச் சந்தேகப்படுவதற்கே சம்பளம் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்தவர்களுக்கு அது வேலை. எனக்கு அது குடும்ப வழக்கம். ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் நான் கிண்ண பாய் மகள் என்று ஒரு கர்வம் வரும். உங்கள் காலில் புண் வந்து நான் வேலையை விட்டு ஊருக்கு வந்தபோதும் அந்தக் கர்வத்தோடுதான் வந்தேன். நம் துணியை வெறும் உருளையாகச் சுற்றி அனுப்பி, பெரிய ஊரில் எவனோ தன் பேரை அச்சடித்து விற்கிறானே, அது இனி வேண்டாம், கிருமி நீக்கிப் பாக்கெட் போட்டு நம் பேரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொடுப்போம் என்றேன். "பேரு போட்டா பொறுப்பு வரும் ஏட்டி, பாப்போம்" என்றீர்கள். உங்களுக்குப் பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. எனக்குத் தெரியும்.

கால் புண்ணுக்குப் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலும் சும்மா இருந்தீர்களா? காலுக்குக் கட்டுப்போட வந்த நர்ஸிடம், "அந்தத் துணியில ஒரு துண்டு தாம்மா" என்று கேட்டு டம்ளர் தண்ணீரில் போட்டீர்கள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, "அக்கா, உங்கப்பாவுக்கு என்ன பண்ணுது?" என்று பதறியது. துணி முங்கியது. "பரவால்ல, கட்டு" என்று காலை நீட்டினீர்கள். நான் வராண்டாவுக்குப் போய் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதே ஆஸ்பத்திரிக்குச் சின்னத்தாவும் வந்தார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "தூங்குதாவ" என்று அம்மா சொன்னாள். சின்னத்தா கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அத்தா, உங்கள் இமை துடித்ததை நான் பார்த்தேன். அப்போதே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஊரில் உள்ளவனையெல்லாம் முகத்துக்கு நேரே கேட்கிற மனுஷன் தம்பிக்கு மட்டும் ஏன் தூங்குகிற மாதிரி நடிக்க வேண்டும்?

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சின்னத்தாவைப் பற்றி நம் வீட்டில் ஒரே வாக்கியம்தான். "அவன் துணி சரியில்ல." அம்புட்டுதான். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை. சின்னத்தா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பெருநாளைக்கு அவர்கள் அனுப்பிய பலகாரத்தை வாங்கி அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். நாம் நேர்மையான கிளை, அவர்கள் கோணல் கிளை. இப்படி நினைத்தே வளர்ந்தேன். என் கர்வத்தில் பாதி அவர் தலைமேல் ஏறி நின்றதால் வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நீங்கள் போன பிறகு அவர் போன் செய்ய ஆரம்பித்தார். அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று விசாரிப்பார். வெள்ளிக்கிழமை ஆனால் யாராவது வருகிறவர் கையில் பால்கோவா கொடுத்துவிடுவார். நான் கிள்ளித் தேய்த்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. இத்தனை வருஷம் இல்லாத பாசம் அண்ணன் மௌத்தான பிறகு எங்கிருந்து பொங்குகிறது? அம்மாவும், "அவிய நல்லா இருந்தவரைக்கும் எட்டிப் பாக்கல, இப்ப மட்டும் என்னவாம்?" என்றாள். அன்சாரி மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் பால்கோவாவைத் தின்று தீர்த்தார்.

அப்புறம்தான் மண்டபக் கதை. பட்டறை மூடியது தெரிந்ததும் சின்னத்தா நேரிலேயே வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, "நான் வெளுத்துத் தாரேம்மா. யோசிச்சு ஆடித் தேருக்குள்ள சொல்லு. ஒனக்கு வேணாம்னா வேற பார்ட்டிக்குத் தொட்டிய விட்டுருவேன்" என்றார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். வரவில்லை. உங்கள் நாற்காலியைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன் அத்தா. சத்தியமாக. பேக்கிங் மெஷினுக்கு இடம் பார்க்கப் பின்கட்டுத் தகரக் கொட்டகையை ஒழிக்கப் போனேன். பழைய சாக்குகளுக்குப் பின்னால் சுவரோரமாக, மூட்டையாகத் தைத்த துணி பேல்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. பச்சை நூலில் தையல். பச்சை நூல் ஸ்ரீவில்லிபுத்தூர் அடையாளம் என்று யூனிட்டில் பழைய ஆட்களுக்கெல்லாம் தெரியும். சின்னத்தா வெளுத்து அனுப்பிய துணி.

ஒரு பேலில்கூடத் தையல் பிரியவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓரத்தில் கத்தி போட்ட தடம் இருக்கிறதா, எங்காவது உள்ளங்கை அளவு வெட்டியிருக்கிறதா என்று தேடினேன். இல்லவே இல்லை. அப்படியானால் அவன் துணி சரியில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தா? கிண்ணத்தில் போடாமலே தெரிந்துவிட்டதா? உங்களுக்கு எப்போதிலிருந்து அப்படி ஒரு ஞானம் வந்தது?

அங்கேயே ஒரு பேலைப் பிரித்து ஒரு துண்டு வெட்டினேன். வீட்டிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கிண்ணத்தில் போட்டேன். மிதந்தது. இன்னொரு பேல். அதுவும் மிதந்தது. அத்தா, எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! "பாத்தியாம்மா, அத்தா சொன்னது சரிதான்" என்று சத்தமே போட்டுவிட்டேன். என் கர்வம் எல்லாம் பத்திரமாக இருந்தது.

ஆனால் நான் உங்கள் மகளாயிற்றே. ராத்திரி சோறு இறங்கவில்லை. வெளுத்த துணி தகரக் கூரைச் சூட்டில் வருஷக்கணக்கில் கிடந்தால், எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் குடிக்கிற குணம் குறைந்துபோகும். லேபில் நான் கண்ணால் பார்த்த விஷயம். விடிந்ததும் கொட்டகையில் மறுபக்கம் துழாவினேன். அதே காலத்தில் நீங்கள் நமக்கு வழக்கமாக வெளுக்கிற பட்டறையில் வெளுக்கச் சொல்லி, முக்கிப் பார்த்து, பாஸ் என்று முத்திரை குத்தி, மிச்சம் விழுந்ததைப் போட்டு வைத்திருந்த ஒரு பேல் கிடைத்தது. அதில் ஒரு துண்டு வெட்டிக் கிண்ணத்தில் போட்டேன்.

உங்கள் துணியும் மிதந்தது அத்தா.

அவ்வளவுதான். இனி யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சின்னத்தா அன்றைக்கு அனுப்பியது நல்ல துணியா கெட்ட துணியா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு காலம் இருந்தது. அதை நீங்கள் கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டே தவறவிட்டீர்கள். நான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். "அத்தா இதை ஏன் பிரிக்கல? உண்மையைச் சொல்லு" என்றேன்.

அம்மா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவனோ ஒரு யாவாரி வந்து, ஒந் தம்பி கஞ்சி சரியாப் போகாம வெளுக்கான், எடை நிக்கட்டும்னு வேணும்னே விடுதான்னு அவிய காதுல போட்டுட்டுப் போனான். அன்னையில இருந்து இப்படித்தான். வாங்குவாவ, காசக் குடுப்பாவ, கொண்டு போயி இங்க போட்ருவாவ."

"முக்கிப் பார்த்திருக்கலாம்ல?"

"நானும் கேட்டேன். 'மிதந்துட்டா என்ன செய்ய, கூடப் பொறந்தவன்கிட்ட போயி ஒந் துணி மோசம்னு எந்த வாயால சொல்ல'ன்னு கேட்டாவ. கேட்டுட்டு அழுதாவ. நான் அதுக்கு மேல பேசல."

அழுதீர்களா? நீங்களா? யாரோ ஒரு வியாபாரி வாயைக் கேட்டு, கூடப் பிறந்தவரை முதுகுக்குப் பின்னால் சந்தேகப்பட்டீர்கள். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் இல்லை, சோதிக்கவும் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை உங்கள் வீட்டு ஆளுக்கு நீங்களே பின்பற்றவில்லை. நான் எதை நம்பி வளர்ந்தேன் அத்தா? நம் துணி நேர்மையானது என்பது சரி, அது தண்ணீரில் தெரிந்தது. நாம் நேர்மையானவர்கள் என்பதை யார் முக்கிப் பார்த்தது?

அதற்குப் பிறகும் எனக்குச் சின்னத்தா மேல் நம்பிக்கை வந்துவிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவேளை அந்த வியாபாரி சொன்னது நிஜமாகவே இருக்கலாம். பட்டறை வேண்டும் என்கிற அவசரத்தில் நானே அவரை நல்லவராக ஆக்கிக்கொள்ளப் பார்க்கிறேனோ என்று என் மேலேயே சந்தேகம். அன்சாரியிடம் சொன்னேன். "ஒக்காந்து யோசிச்சா வெளங்காது, கெளம்பு" என்றார்.

கிளம்பினேன். தேருக்கு முந்தைய வாரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸையெல்லாம் சுற்றி விட்டிருந்தார்கள். இறங்கி வெயிலில் நடந்தேன். பையில் உங்கள் கிண்ணம், ஒரு கத்தரிக்கோல், ஒரு பெரிய பாட்டில் தண்ணீர்.

சின்னத்தாவின் பட்டறை ஊர் ஓரத்தில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. அவர் முண்டா பனியனோடு தொட்டியின் விளிம்பில் நின்றிருந்தார். ப்ளீச்சிங் பவுடரில் வெந்து வெந்து கைத்தோல் உரிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "வா தாயி, வா" என்றார். நான் உட்காரவில்லை. கொட்டகையில் பார்த்ததை அப்படியே சொன்னேன்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "பிரிக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா அனுப்புனீங்க?"

"மொதல்ல தெரியாது. ஒவ்வொரு லோடுக்கும் நானே கூடப் போவேன். 'அண்ணே, முக்குங்க'ன்னு கிண்ணத்த நகத்தி வப்பேன். 'தம்பி துணியப் போயி முக்கவா, எடுத்து உள்ள வையி'ன்னு சிரிப்பாரு. எனக்குப் பெரும ஏட்டி! ஊரு பூரா முக்குத மனுசன் என்னைய நம்புதாரேன்னு வார வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வருவேன். பொறவு ஒருநா, அண்ணன் யூனிட் கட்டிங்ல எந் துணியே ஓடலையேன்னு ஒருத்தன் சொன்னான். எனக்கு வெளங்கிப் போச்சு."

"அப்ப நேர்ல கேட்கல?"

"கேட்டேன். முக்குங்க, இல்லைன்னா திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். ரெண்டும் செய்யல. 'அதெல்லாம் ஒண்ணுமில்லடா'ன்னாரு. அதோட அனுப்புறத நிறுத்திட்டேன். கிண்ண பாயே தம்பி துணிய எடுக்கலையாம்னு ஊரு பேசிச்சு. ரொம்ப நாளைக்கு ஒருத்தன் எங்கிட்ட வெளுக்க வரல. ஒங்கத்தா ஒரு துண்ட வெட்டித் தண்ணியில போட்டு, 'போடா, ஒந் துணி மோசம்'னு மூஞ்சியில எறிஞ்சிருந்தாக்கூட நான் இம்புட்டு நொந்திருக்க மாட்டேன். திருப்பி வேக வச்சுக் குடுத்துருப்பேன். என்னைய அவரு சோதிக்கக்கூட லாயக்கில்லன்னு வச்சுட்டாரே."

இந்த இடத்தில் அழுதுவிட்டார். ஆனாலும் மூளைக்குள் ஒரு மூலையில் உங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நன்றாகப் பேசுகிறவன் துணியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று.

"சின்னத்தா, நீங்க சொல்றது உண்மையா பொய்யான்னு எனக்குத் தெரியாது" என்றேன். "அதைக் கண்டுபிடிக்க இனிமே வழியும் இல்ல. இப்ப வெளுத்த துணியைக் காட்டுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு எவர்சில்வர் சட்டியை எடுக்கப் போனார். வேண்டாம் என்று என் பையிலிருந்து கிண்ணத்தை எடுத்தேன். குழாய்ப் பக்கம் திரும்பினார். பாட்டிலை எடுத்தேன்.

"தண்ணியுமா வீட்டுல இருந்து கொண்டாந்த?"

"உங்க தண்ணியில சோப்பு கலந்திருந்தா? சோப்புத் தண்ணியில மட்டமான துணியும் முங்கும்."

அவர் தொட்டி அதிரச் சிரித்தார். "அடி ஆத்தி! எங்கண்ணனுக்கே இது தோணுனதில்லையே!" என்று உள்ளே வேலை பார்த்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். திட்டு வாங்கப்போகிறோம் என்று போன எனக்கு அது என்னவோ மெடல் குத்தின மாதிரி இருந்தது.

முதல் துணிக்கட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். சடக்கென்று முங்கியது. அடுத்தது. அதுவும் முங்கியது. சின்னத்தா மீசையைத் தடவிக்கொண்டார். மூலையில் தனியாக ஒரு கட்டு இருந்தது. நான் அதை நோக்கி நடந்தபோது அவர் தடுக்கவில்லை. வெட்டிப் போட்டேன்.

மிதந்தது.

இன்னும் கொஞ்சம் பார்த்தேன். விரலால் தொடாமல் காத்திருந்தேன். ஓரம்கூட நனையவில்லை. சின்னத்தாவின் முகம் வெளுத்துவிட்டது. உங்களுடைய அதே நெற்றி அத்தா, அதே மூக்கு, வயசான மனுஷன், ஒரு சின்னப் பெண் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். ஒருவேளை அன்றைக்கும் மிதந்திருக்குமோ? அந்த வியாபாரி பொய் சொல்லவில்லையோ? பரவாயில்லை, காற்று பட்டிருக்கும் என்று சொல்லிவிடலாமா? வாங்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் போட்டுவிடலாமா? என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் எதற்குப் பயந்தீர்கள் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. உங்கள் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் அங்கேயே கரைந்துவிட்டது, மீதி இன்னும் இருக்கிறது.

"சின்னத்தா, இது மிதக்குது" என்றேன். "இந்தக் கட்டு எனக்கு வேண்டாம்."

அவர் குனிந்து கிண்ணத்திலிருந்து துண்டை எடுத்தார். விரல்களுக்கிடையே தேய்த்தார், மூக்கில் வைத்தார். "கஞ்சி போகல. கொதி பத்தல" என்றார். உள்ளே பார்த்து, "ஏலே, அந்த மூலைக் கட்டப் பிரிங்கலே! திரும்ப வேக வைக்கணும்" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெயில்ல நடந்து வந்திருக்க. டீ குடிக்கியா?" என்று கேட்டார்.

இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். நீங்கள் சின்ன வயதில் மாங்காய் திருடப்போய் நாய் துரத்திய கதையைச் சொன்னார். அதை, நாயை நீங்கள் துரத்திய கதையாக அல்லவா எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? எதை நம்புவது? கிளம்பும்போது, தேருக்குக் காத்திருக்க வேண்டாம், நம் துணியை நாளைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாக்கெட்டில் யார் பேரைப் போடப்போகிறாய் என்று கேட்டார். அத்தா பேரைத்தான் என்றேன். "போடு, ஆனா ஒவ்வொரு கட்டையும் எங் கண்ணு முன்னால முக்கு" என்றார்.

அவர் முழுக்க நல்லவர் என்று நான் இன்னும் சொல்ல மாட்டேன் அத்தா. அந்த மூலைக் கட்டைத் தனியாக எதற்கு வைத்திருந்தார் என்பது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது நேராகவே கேட்பேன். நீங்கள் பயந்தது சரியாகக்கூட இருந்திருக்கலாம். துணி விஷயத்தில் நீங்கள் சரி, தம்பி விஷயத்தில் தப்பு என்றுகூட இருக்கலாம். அதை இனி உங்களிடம் கேட்கவும் முடியாது.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி நம் வீட்டில் யாரையும் பிரித்துப் பார்க்காமல் ஓரமாக அடுக்கி வைக்க மாட்டேன். சந்தேகம் வந்தால் அன்றைக்கே போவேன், வாசலில் நின்றாவது கேட்பேன், மோசம் என்றால் மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்வேன், மறுவாரம் திரும்பவும் போவேன். உங்கள் பேரன் பேத்திகள் என்னைச் சந்தேகப்பட்டாலும் எதிரே உட்கார்ந்து பதில் சொல்வேன்.

நீங்கள் அத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்தது என் கண் முன்னாலேயே நடந்தது அத்தா. உங்கள் தம்பியின் துணி மிதந்தது. நான் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார், டீ குடித்தோம். அவ்வளவுதான் ஆயிற்று.

கிண்ண பாயின் மகள்,
ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரின் அண்ணன் மகள்,
ஜமீலா